மதுரை வட்டாரச் சிறு கலைக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் ஒருங்கிணைப்பாளர்கள்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஏழு கல்லூரிகளிலிருந்தும் வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர்களே, நம் அழைப்பை ஏற்று முதல்முறையாக இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டில் நான்கு கூட்டங்கள் நடந்தன. வழக்கம்போல் ஒவ்வொரு முறையும் ஒரு கல்லூரி இடம் கொடுத்தது. நவம்பர் கூட்டத்துக்கு மட்டும் பருவத் தேர்வுப் பணியால் வருகை குறைந்தது. நம்மில் யாருக்கும் இது முழுநேர வேலை கிடையாது. ஒருவர் வணிகவியல் பாடம் நடத்துகிறார், ஒருவர் நூலகர், இரண்டு பேர் தமிழ்த்துறை. வகுப்பு, விடைத்தாள் திருத்தம், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு எல்லாம் போக மிச்சமிருக்கும் மாலை நேரத்தில்தான் பழைய மாணவர்களுக்குப் போன் போடுகிறோம். அப்படிக் கிடைக்கும் நேரத்தில் நடந்த வேலை என்பதை மனதில் வைத்து இதைக் கேட்க வேண்டுகிறேன்.

இந்த ஆண்டின் பெரிய வேலை ஜூன் மாதம் வந்த ஒரு போன் அழைப்பில் தொடங்கியது. நம் கல்லூரிகளில் ஒன்றில் 22 ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்த பேராசிரியர் மே மாதக் கடைசியில் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு வந்த இளம் ஆசிரியை என்னிடம் சொன்னது: “சார், என்கிட்ட ஒரு பீரோ சாவியும் பாதி தீர்ந்த ரசீது புத்தகமும்தான் இருக்கு. பழைய மாணவர் ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது.” அந்தப் பேராசிரியர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிரிவுபசார விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், அவர் வைத்திருந்த பட்டியலை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

நானும் அந்த ஆசிரியையும் நம் துணைச் செயலாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். பழுப்பு அட்டை போட்ட மூன்று நீள நோட்டுகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பக்கத்துக்கு ஒரு வகுப்பு. பெயர், இனிஷியல், சொந்த ஊர், விடுதியில் இருந்தவர் என்றால் அறை எண். அதற்கு எதிரே போன் எண்கள்: அடித்து, மேலே எழுதி, மறுபடி அடித்து, மூன்று நிற மையில். ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். “அப்பா தவறிட்டார், போய் வந்தேன்.” “வேலை மாறணும்னு சொன்னான், விசாரிக்கணும்.” ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தோம். எழுத்து புரியாத இடத்தில் அவரே வாசித்துச் சொன்னார். நடுவில் அவர் மனைவி உள்ளே போய் ஒரு பெரிய துணிப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொட்டினார். மாணவர்கள் தங்கள் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் கொடுத்தவை. விட்டுப்போன முகவரிகளில் பாதி அந்தப் பைக்குள்தான் இருந்தன. பத்திரிகையில் மாமனார் ஊர் வரை அச்சிட்டிருக்கும் அல்லவா, இதைவிட நல்ல ஆவணம் வேறு எங்கே கிடைக்கும்?

அந்த மாலைக்குப் பிறகு மற்ற ஆறு கல்லூரிகளிலும் பட்டியல் எங்கே இருக்கிறது என்று விசாரித்தோம். பதில்களை இங்கே விவரமாகச் சொல்லத் தேவையில்லை. ஒருவருடைய சொந்தப் போனில், ஒருவருடைய பழைய மடிக்கணினியில், இரண்டு இடங்களில் யாரிடமும் இல்லை. ஆகஸ்ட் கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தோம். ஏழு கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரி எக்செல் படிவம், ஒவ்வொரு கல்லூரியிலும் குறைந்தது இரண்டு பேர் கையில் பிரதி, பொறுப்பு மாறும்போது எழுத்துமூலமான ஒப்படைப்பு.

படிவத்தில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதற்கே இரண்டு கூட்டம் ஆனது. அது வீண்போன நேரம் இல்லை. வெளியில் விற்கிற மென்பொருள்கள் எல்லாம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கின்றன. நம் மாணவர்களுக்கு ஏது கடைசிப் பெயர்? ஒரே வகுப்பில் மூன்று முருகேசன் இருப்பார்கள், மூவருக்கும் இனிஷியல் ‘மு.’ என்றுகூட அமைந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொன்னால்தான் யார் என்று தெரியும்: உசிலம்பட்டி முருகேசன், மேலூர் முருகேசன். பெண்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். நம் மகளிர் கல்லூரி ஒருங்கிணைப்பாளர் இதை விளக்கியபோதுதான் எங்களுக்கே உறைத்தது. படிக்கும்போது அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் எழுத்து. ச. மல்லிகா என்று தேடினால் இரா. மல்லிகா எப்படிக் கிடைப்பார்? பல கல்லூரிகளில் முன்னாள் மாணவியர் தொடர்பு அறுந்துபோனதற்கு அவர்களுக்கு ஆர்வமில்லை என்று காரணம் சொல்லி வந்திருக்கிறோம். தேடத் தெரியாமல் தேடியது நாம்தான். அதனால் இப்போது படிவத்தில் சேர்க்கை எண் முதலில் வருகிறது. அப்புறம் படித்த காலத்துப் பெயர், இப்போதைய பெயர், படித்தபோது இருந்த ஊர், இப்போது இருக்கும் ஊர். கடைசிக் கட்டம், ‘கடைசியாகப் பேசியது எப்போது, என்ன பேசினோம்’. பேராசிரியரின் நோட்டு ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டது அது. மார்ச் முடிய நான்கு கல்லூரிகள் படிவத்தை முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. மூன்று பாக்கி.

அடுத்து ஒரு வருத்தமான செய்தி. அக்டோபரில் நம் கல்லூரிகளில் ஒன்றின் மூன்று வகுப்புகளுடைய பட்டியல், போன் எண்களோடு, ஒரு வாட்ஸ்அப் குழுவில் தவறுதலாகப் பதிவேறிவிட்டது. பதிவேற்றியது நான்தான். நம் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்துப் பழைய மாணவர் குழு ஒன்றுக்கு அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் நீக்கினேன். அதற்குள் யாரோ இறக்கிவைத்துக்கொண்டார்கள். மறுவாரமே காப்பீட்டு முகவர்களிடமிருந்தும் மனை விற்பவர்களிடமிருந்தும் தங்களுக்கு அழைப்புகள் வருவதாகச் சிலர் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் நாங்கள் மூன்று பேர் பிரித்துக்கொண்டு போன் செய்து மன்னிப்புக் கேட்டோம். பெரும்பாலோர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் எண்ணை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டோம். இந்தச் சபையிலும் என் வருத்தத்தைப் பதிவு செய்கிறேன். 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அதன் வரைவு விதிகளும் 2025 ஜனவரியில் வெளிவந்துவிட்டன. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், நம்பி எண்ணைக் கொடுத்தவரின் சம்மதத்தைக் கேட்பது அடிப்படை மரியாதை. இப்போது படிவத்தில் சம்மதம் என்று தனிக் கட்டம் இருக்கிறது. கோப்புகளுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறோம், வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவதை அடியோடு நிறுத்திவிட்டோம்.

இதே சம்பவம் வேறொரு பழைய கேள்விக்கும் விடை தந்தது. ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை மற்றக் கல்லூரிகளின் நிகழ்ச்சிகளுக்கும் அழைக்கலாம் என்ற யோசனை வந்த நாளிலிருந்தே சிலருக்குத் தயக்கம் இருந்தது. எங்கள் மாணவரை நீங்கள் நன்கொடைக்குப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். நியாயமான கேள்வி. டிசம்பரில் இரண்டு விதிகள் வகுத்தோம். ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரியின் முன்னாள் மாணவரிடம் பணம் கேட்காது. எண்ணைக் கொடுக்க மாட்டோம், அழைப்பை மட்டும் அவருடைய சொந்தக் கல்லூரி வழியாகச் சேர்ப்போம். விதி எழுதிய பிறகு தயக்கம் கலைந்தது. பிப்ரவரியில் நடந்த வழிகாட்டல் நாளில் அதன் பலனைப் பார்த்தோம். வரலாறும் தமிழும் படிக்கிற பிள்ளைகள் அதிகம் உள்ள ஒரு கல்லூரிக்கு வங்கி அதிகாரியாக ஒரு முன்னாள் மாணவர்கூட இல்லை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து இருவர் வந்தார்கள். பதிலுக்கு இந்தக் கல்லூரியின் பழைய மாணவரான பத்திரிகையாளர் அங்கே போனார். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகள்தான் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்தும் ஒரு மணி நேரம் அந்த வங்கி அதிகாரிகளை விடவில்லை.

ஜனவரி 26 சிக்கலையும் இந்த ஆண்டு தீர்த்தோம். குடியரசு தினத்தன்று ஊருக்கு வந்திருப்பார்கள் என்று ஐந்து கல்லூரிகள் ஒரே நாளில் முன்னாள் மாணவர் சந்திப்பு வைத்து வந்தன. கணவர் ஒரு கல்லூரி, மனைவி இன்னொரு கல்லூரி என்றிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் கணவரின் கல்லூரிக்குத்தான் வண்டி கிளம்பும். இம்முறை தேதிகளைப் பொங்கல் விடுமுறைக்கும் ஜனவரி 26-க்கும் அதற்கடுத்த ஞாயிறுகளுக்குமாகப் பிரித்துக்கொண்டோம். மகளிர் கல்லூரிக்கே குடியரசு தினத்தை விட்டுக்கொடுத்தோம். தாங்கள் படித்த இடத்துக்குப் பல வருடம் கழித்து வந்ததாகச் சொல்லி, மரத்தடியில் நின்று அழுத சகோதரிகளை அன்று பார்த்தேன்.

நன்கொடை தொடர்பாக ஒரு தணிக்கையாளரை அழைத்துக் கேட்டறிந்தோம். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961 வருமான வரிச் சட்டத்தின்படி, 80ஜி அனுமதி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி) உள்ள சங்கங்கள் அந்த ஆண்டின் நன்கொடையாளர் விவரத்தைப் படிவம் 10பிடியில் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நன்கொடையாளருக்குப் படிவம் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும், வெறும் ரசீது போதாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிக்கழிவு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. ஆகவே அழைப்பிதழில் ‘வரிச்சலுகை உண்டு’ என்று பொத்தாம்பொதுவாக அச்சிடுவதை நிறுத்துவோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். கொடுக்க வருபவரிடம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள்.

மார்ச் கூட்டத்தில் நம் நூலகர் அமெரிக்காவின் சிறு கலைக் கல்லூரிகளைப் பற்றிப் பேசினார். ஓஹையோ, மிச்சிகன் பக்கத்துச் சிறு கல்லூரிகள் 1962-இலேயே கிரேட் லேக்ஸ் கல்லூரிகள் சங்கம் என்று ஒன்று சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்றான ஓபர்லின் நமக்குப் புதிதில்லை. அங்கே படித்த இளைஞர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக் கல்லூரியிலும் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எங்களை உலுக்கியது ஸ்வீட் பிரையர் கதை. வர்ஜீனியாவில் உள்ள மகளிர் கல்லூரி அது. பண நெருக்கடியால் அந்த ஆண்டோடு மூடப்போவதாக 2015 மார்ச் 3 அன்று நிர்வாகம் அறிவித்தது. பழைய மாணவியர் உடனே அமைப்பு தொடங்கி, நீதிமன்றம் போய், 1 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, ஜூனில் சமரசம் கண்டு கல்லூரியைக் காப்பாற்றினார்கள். இன்றும் நடக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது நான்கு மாதத்துக்கும் குறைவான அவகாசம். அதில் யாருடைய எண் எங்கே என்று தேட நேரம் இருந்திருக்காது. நம் கல்லூரிகளிலும் சில கலைப் பாடங்களுக்குச் சேர்க்கை மெலிந்துகொண்டு வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அன்று கூட்டம் முடிந்தும் யாரும் சட்டென்று எழுந்து போகவில்லை.

வரும் ஆண்டில் மீதி மூன்று கல்லூரிகளின் பட்டியலை முடிப்பதும், பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் படமெடுக்க முதல்வர்களிடம் அனுமதி கேட்பதும் முதல் வேலைகள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இடமும் தேநீரும் கொடுத்த கல்லூரிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்த உங்கள் குடும்பங்களுக்கும் நன்றி.

நோட்டுகளைத் தந்த பேராசிரியர் இன்று நம்மோடு இருக்கிறார். பரணில் தேடியபோது கிடைத்ததாக நான்காவது நோட்டு ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறார். அவருக்கு முன் பொறுப்பில் இருந்த அவருடைய ஆசிரியர் எழுதியது, தாள் ரொம்பவும் நைந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் படமெடுக்கக் கை நடுங்காத இரண்டு பேர் வேண்டும். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்