பூ உதிர்வதற்குள் போய்விடுவோம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் வைத்திருந்த தோட்ட நடையை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கே மாற்றியிருக்கிறோம். ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. ஒரு மரம் முழுப் பூவோடு நிற்பது அதிகம் போனால் 10 நாள். நடுவில் பலத்த காற்றோ மழையோ வந்தால் அதுவும் இல்லை. செர்ரிப் பூவைப் பார்க்க நினைத்தவர்கள் மன்னிக்கவும், அது ஏற்கெனவே தரையில் கிடக்கிறது.

ஒரு கொத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடு மொட்டுதான் முதலில் விரியும். சுற்றியிருப்பவை இன்னும் சிவந்து இறுகியிருக்கும். விரிந்ததோ வெள்ளை, இதழின் முதுகில் மட்டும் ரோஜா நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கும். பேரிப் பூவும் அழகுதான், ஆனால் முகர்ந்துவிடாதீர்கள். மீன் வாடை!

காலை 10 மணிக்குப் புறப்பட்டால் போதும். குளிரில் தேனீக்கள் வெளியே வருவதில்லை. அவற்றின் ரீங்காரம் இல்லாமல் என்ன தோட்டம்? படம் எடுப்பதற்காகக் கிளையை வளைக்கவோ உலுக்கவோ வேண்டாம். 100 பூவில் 10 காயானாலே நல்ல மகசூல்தான், ஆனால் அந்தப் பத்து எவை என்று நமக்குத் தெரியாதே. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயரைப் பதிவிடுங்கள்.