மங்குஸ்தானைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழங்களைப் பற்றி எழுதியவர், மங்குஸ்தானை மட்டும் "கத்திக்கே மசியாது, உள்ளே இருப்பதும் கொஞ்சம்தான்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கல்யாணம் ஆகும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறந்து வளர்ந்தது ரங்கூனில். மழை பிடித்ததும் அப்பா சூரத்தி பஜார் பக்கத்திலிருந்து ஒரு டஜன் வாங்கி வருவார். அதில் பாதி கல். அம்மா அரிவாள்மனையில் வைத்து அழுத்தினால், ஓடு பிளப்பதற்குள் சுளை நசுங்கிவிடும். பிறகு வாழ்க்கைப்பட்டு மோல்மீனுக்கு வந்தேன். அங்கே அத்தை அதே பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து லேசாக அமுக்கினார், மேல்பாதி மூடி மாதிரி கழன்று வந்தது. உள்ளே பூண்டுப் பற்கள் போல வெள்ளை வெளேரென்று சுளைகள்!

காரணத்தையும் அத்தைதான் சொன்னார். தோல் தடிமனே தவிர அடி தாங்காது. கீழே விழுந்தாலும் கூடையில் இடிபட்டாலும், பட்ட இடம் இறுகிக் கட்டையாகிவிடும். அப்போது சல்வீன் ஆற்றின் மேல் பாலம் கிடையாது, 2005-இல்தான் திறந்தார்கள். மோல்மீன் தோட்டத்திலிருந்து துறைக்கு, படகில் அக்கரை மொட்டமாவுக்கு, அங்கிருந்து ரங்கூனுக்கு ரயில் என்று ஏறி இறங்கி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தாண்டி வந்த பழம் அது. எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் எத்தனை அடி வாங்கியிருக்குமோ!

இங்கே சந்தையில் 'மிங்கு தீ' என்று கூவுவார்கள். பர்மிய மொழியில் 'தீ' என்றால் பழம். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதைக் கேட்டு நெருப்பென்று திடுக்கிட்ட கதை இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

வாங்கும்போது பெரிய பழத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அமுக்கினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். அப்புறம் பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சின்னப் பூ ஒன்று ஒட்டியிருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. எங்கள் தெருப் பிள்ளைகள் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். கொட்டை பெரிய சுளைக்குள்தான் இருக்கும், சின்னச் சுளைகளில் அநேகமாக இராது. அதனால் இதழ் கூடுதலாக உள்ளதை எடுப்பது லாபம். சுளையில் மஞ்சள் பால் கட்டியிருந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், கசக்கும். மழை ஓயாத வருஷங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

தோலின் சாறு துணியில் பட்டால் போகவே போகாது. என் மாப்பிள்ளை முதல் வருஷம் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து தின்றார். மறு வருஷத்திலிருந்து பழைய கறுப்பு லுங்கிதான்.

குற்றாலம் சீசனில் அங்கேயும் விற்கிறார்களாம். நாகர்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை, மீன்குழம்பில் போடும் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் குடம்புளிப் பழக்கத்தில் காயவைத்துக் கறிக்குப் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள், பறித்த சில நாளுக்குள் தின்றுவிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு போட்ட படத்தில் காம்புப் பக்கம் மட்டுமே தெரிந்தது. அடுத்த முறை அடிப்பக்கத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மோல்மீன், பர்மா