பார்த்தவர் சொல்லட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பேத்திக்கு என் ஆசீர்வாதம். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவன் படகு வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறான், ஓடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தபால் இலாகாவில் இத்தனை வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், கடற்கரை ஊர்களில் போய் மோகினிக் கதை பொறுக்குகிறானாமே, ஏன் என்று கேட்டிருந்தாய். நான் பொறுக்குவது கதை இல்லை. கதை எல்லோரிடமும் இருக்கிறது. "எங்க தாத்தாகிட்ட ஒருத்தர் சொன்னாராம்" என்று ஆரம்பித்தால் விடிய விடியப் போகும். அதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், எழுதிக்கொள்வதில்லை. "நான் பார்த்தேன்" என்று சொல்கிறவர் பக்கத்தில்தான் நோட்டைத் திறக்கிறேன். எந்த இடம், எந்த நேரம், நிலா இருந்ததா, நீங்கள் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் தெரிந்தது, கூட யார் இருந்தார்கள். இவ்வளவுதான் என் கேள்விகள்.

இது நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை. பிரிட்டனில் 'ஃபேரி' என்று சொல்லும் அந்தச் சின்ன மனிதர்களைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களின் நேரடி சாட்சியங்களை சைமன் யங் என்ற வரலாற்று ஆய்வாளர் 2014 முதல் 2017 வரை ஒரு கணக்கெடுப்பு போல நடத்திச் சேர்த்தார். சுமார் 500 சாட்சியங்கள். சொன்னவர் பெயர் கிடையாது. வயது, இடம், நேரம், சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்ற தீர்ப்பும் கிடையாது. அவருடைய கேள்விகளில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது: அது தெரிவதற்கு முன்போ தெரியும்போதோ சுற்றிலும் சத்தம் அடங்கிப்போனதா?

அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் ஒரு அம்மா, அறுபது வயது தாண்டியவர், தானாகவே சொன்னார். அவருக்கு அப்போது பன்னிரண்டு பதிமூன்று வயசு. தீவுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இன்றைய கெடுபிடி அப்போது இல்லை. பெரிய பொம்பளைகள் வத்தைப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், இவர் மட்டும் முன்னால் நடந்திருக்கிறார். இன்னும் விடியவில்லை. நீர் வற்றிக் கிடந்த பாறையில் சின்னப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நமக்கு முந்தி வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் கோபம் வந்ததாம். தலைமுடி நனைந்து சொட்டுகிறது, உடுத்திய துணியில் ஈரமே இல்லை. "அப்பத்தான் ஐயா கவனிச்சேன், அலைச் சத்தம் கேக்கல." திரும்பி அம்மாவைக் கூப்பிட்டுவிட்டுப் பார்த்தால் வெறும் பாறை.

எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்த அக்கா உடனே, "கன்னிமாருன்னா ஏழு பேருல்ல. மத்த மூணு பேரு மறைவா இருந்திருப்பாக" என்றார். இந்த அம்மா விடவில்லை. "இல்லக்கா. நாலு. நான் எண்ணுனேன்."

மாப்பிள்ளை, நான் இந்த வேலையைச் செய்வதே அந்த 'நாலு'க்காகத்தான். கோயிலில் ஏழு கன்னிமார், கும்பிடுவது ஏழு கல், சாமியாடி அழைப்பது ஏழு பேரை. ஊரே ஏழு என்று சொல்லிக் கொடுத்திருக்கும்போது, ஐம்பது வருஷம் கழித்தும் ஒருத்தி நாலு என்கிறாள் என்றால் அவள் கேட்டதைச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறாள். கண்டது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் எண்ணினாள் என்பதை நம்புகிறேன். கதையாக எழுதுகிற எவனும் அதை ஏழு ஆக்கிவிடுவான். அப்புறம் அவள் பார்த்தது இந்த உலகத்தில் எங்கேயும் இருக்காது.

நீ பௌதிகம் நடத்தியவன், விளக்கம் கேட்பாய். விளக்கங்கள் இருக்கின்றன, நானும் படிக்கிறேன். ராத்திரியில் கடல் ஒளிர்வதற்கு நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் காரணம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் நீல வெளிச்சம் தெரிந்து ஊரே திரண்டு போனதே, அதேதான். உப்பளத்துச் சேற்றில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுக்குச் சதுப்பு வாயு என்கிறார்கள். கடற்கன்னிக்கு ஆவுளியா என்கிறார்கள். கடல்பசுதான், மூச்சு வாங்க மேலே வரும், முன்துடுப்புக்குப் பக்கத்தில் மடி இருக்கும், தூரத்திலிருந்து பெண் போலத் தெரிந்திருக்கும் என்று. பிற தேசத்து மாலுமிக்கு அது பொருந்தலாம். ஆனால் இந்தக் கரையில் ஆவுளியாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வலையில் விழுந்ததைக் கையால் எடுத்துவிட்டவர்கள், அந்தக் காலத்தில் கறியே சாப்பிட்டவர்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்து, "நீங்கள் பார்த்தது ஆவுளியாதான் பெரியவரே" என்று நான் எப்படிச் சொல்வேன்? வடகடலில் கரைவலை இழுத்த ஒரு பெரியவர் பார்த்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது முதலிலேயே என் வாயை அடைத்துவிட்டார். "தண்ணி மின்னுறது எனக்குத் தெரியும் தம்பி. கால் வச்சா மின்னும், வலை எடுத்தா மின்னும். இது தண்ணிக்கு ஒரு முழம் மேல போச்சு." காற்றுக்கு எதிராகப் போனதாம். கச்சான் காற்று நல்ல வேகத்தில் அடித்த ராத்திரி.

விளக்கத்தை நோட்டின் இன்னொரு பக்கத்தில் எழுதி வைக்கிறேன். சொன்னவர் வார்த்தையோடு கலப்பதில்லை. நாளைக்கு உன்னைப் போல ஒருவன் வந்து பார்க்கும்போது, சுத்தமான சாட்சியம் அவன் கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வசதி உண்டு. தேதி மறந்தாலும் கடல்காரர்களுக்கு நீரோட்டம் மறக்காது. அமாவாசைக்கு எத்தனை நாள், நீர் ஏறுமுகமா வற்றுமுகமா, என்ன காற்று, எல்லாம் சொல்வார்கள். வருஷத்துக்குப் புயல் இருக்கிறது. 1964-க்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் போதும், தனுஷ்கோடி அழிந்ததை வைத்து எண்ணி வந்துவிடுவார்கள். இளையவர்களுக்குச் சுனாமி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். வலை பொத்திக்கொண்டே பேசுவார்கள், எனக்கு அதுதான் அறுவடைக் காலம்.

தனுஷ்கோடியில் மட்டும் கை தயங்குகிறது. அங்கே பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது செத்தவர்களை. ரயிலோடு போனவர்கள், வீட்டோடு போனவர்கள். அதைக் கன்னிமாரோடும் ஜின்னோடும் ஒரே நோட்டில் எழுத மனசு வரவில்லை. அயர்லாந்திலும் இந்தச் சிக்கல் உண்டாம். ஃபேரிக் கூட்டத்துக்குள் போன வருஷம் செத்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன் என்று சொல்வார்களாம். எது எந்த வகை என்று பிரிக்க நான் யார் என்று தோன்றி, இப்போது எல்லாவற்றையும் பார்த்த இடத்தின் வரிசையில் வைக்கிறேன்.

கீழக்கரையில் வயதான ஒரு உம்மா சொன்னது வேறு மாதிரி. விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து கொல்லைக் கிணற்றுக்குப் போனபோது வெள்ளை உடுப்பில் குட்டையாக ஒருவர் நின்றார். இவர் ஸலாம் சொன்னார். பதில் வரவில்லை. கண் இமைத்ததும் ஆள் இல்லை. பயம் வந்ததா என்று கேட்டேன். "அவங்க வீட்டுல நாம இருக்கோமோ, நம்ம வீட்டுல அவங்க இருக்காங்களோ. பயந்து என்ன செய்ய?" என்றார். 'ஜின்' என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஆகவே நானும் நோட்டில் எழுதவில்லை.

அயர்லாந்தைச் சொன்னேனே, அவர்கள் செய்ததை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளின் பிள்ளைகளை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். ஃபேரி, புதையல், வைத்தியம், விளையாட்டு, எல்லாம் அந்தப் பிள்ளைகள் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. சம்பளத்துக்குச் சேகரிப்பாளர்களும் போனார்கள். எடிஃபோன் என்ற கருவியில் மெழுகு உருளையில் குரலைப் பதிந்து, வீட்டுக்கு வந்து எழுதி முடித்ததும் மெழுகைச் சீவிவிட்டு அடுத்தவர் குரலைப் பதிவார்கள். உருளை வாங்கக் காசு இல்லை. எழுத்து நின்றது, குரல் போய்விட்டது. இன்று என் சட்டைப் பையில் கிடக்கும் போனில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பதியலாம். பேசத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

பேசாமல் இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. வயசுப்பெண் ஒருத்தி இப்படி ஒன்றைப் பார்த்தேன் என்றால், பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். புத்தி சரியில்லை என்ற பெயர் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்தவர்கள் தீயில் கருகினார்களே, 28 பேர். அதற்குப் பிறகு பார்த்ததை வெளியே சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? நான் பெயர் எழுதுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புருஷனுக்குக்கூடச் சொல்லாததைச் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் அவர்கள் முகத்தில் வரும் ஆறுதலை நீ பார்க்க வேண்டும்.

இளவட்டங்கள் வீடியோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் 1917-ல் எல்ஸி, பிரான்சஸ் என்ற இரண்டு பெண்பிள்ளைகள் ஃபேரிகளோடு போட்டோ எடுத்தார்கள். உலகமே அதைப் பேசியது, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலே நம்பினார். 1983-ல் அவர்களே சொன்னார்கள், காகிதத்தில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியது என்று. ஆனால் பிரான்சஸ் சாகிறவரை ஒன்றை மட்டும் விடவில்லை: ஓடைக்கரையில் நான் அவர்களைப் பார்த்தது நிஜம். எல்லோரும் போட்டோவைத்தான் ஆராய்ந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நீ என்ன பார்த்தாய் என்று உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், நமக்கு அதாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது என் வேண்டுகோள். தொண்டியில் இருக்கும் உன் அக்கா, ஊருணிக்குத் தண்ணீருக்குப் போனபோது எதையோ பார்த்ததாக ஹாஸ்டலில் ஒரு ராத்திரி நீ சொன்னாய். நீ சொன்னதை நான் எழுத மாட்டேன். அக்காவிடம் நீயே உட்கார்ந்து கேள். இடையில் பேசாதே, "நீரில் பிம்பமாக இருக்கும்" என்று எடுத்துக் கொடுக்காதே. அவர் சொல்லும் வார்த்தையிலேயே போனில் பதிந்துகொள். எண்ணிக்கை எதையாவது சொன்னால் திருத்தாதே.

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது. மதுரையில் ஏறினால் உச்சிப்புளியில் இறங்கிவிடலாம், முழங்காலுக்கும் சிரமம் இல்லை. மழை விட்டதும் வா. முடிந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, நம் வீட்டில் ஒரு வாரம் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்