கண்டென்சர்காரனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் மகள் பிளஸ் டூ முடித்ததை லூர்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு வாழ்த்து. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே. கடிதமே போடாததற்கு நீ திட்டுவதை ஓவர்ஹாலிங் முடிந்தபின் வைத்துக்கொள்.

என் ஆராய்ச்சி மாணவி கவிதாவின், தண்ணீர் ஒட்டாத கோட்டிங் போட்ட செப்புத் தகடு போய்விட்டது. நீராவி பட்டதும் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடிய தண்ணீர், ஒரு மூலையில் படலமாகப் படிய ஆரம்பித்தது. அப்புறம் பாதித் தகடு. இப்போது நீராவியைத் தண்ணீராக்கும் உங்கள் கண்டென்சர் ட்யூபுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

"துளியோ படலமோ, கண்டென்சருக்குள் வேக்யூம் நின்றால் சரி" என்பாய். உனக்கென்ன! படலமாகப் படிந்தால் அந்தத் தண்ணீரே வெப்பத்தை மறித்துக்கொண்டு நிற்கும். துளிகள் உருண்டால் போகிற வழியெல்லாம் துடைத்துக்கொண்டு போகும், காலியான இடத்தில் புதுத் துளி பிறக்கும். வெப்பம் ஐந்து முதல் பத்து மடங்குவரை கூடுதலாகக் கடக்கும். எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் இதை 1930-லேயே எழுதிவிட்டார்கள். நூறு வருஷம் ஆகப்போகிறது, உங்கள் ட்யூபில் இன்னும் படலம்தான்.

எல்லாம் இந்தக் கோட்டிங்கால் வந்த வினை. டெஃப்லான் தடிமனாக இருந்தால், துளியால் வந்த லாபத்தில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். மெல்லிசாகப் பூசினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். நீராவி அதில் நுழைந்து அடியில் தண்ணீராகி, கோட்டிங்கைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கவிதா மைக்ராஸ்கோப்பில் காட்டினாள், அம்மை போட்ட மாதிரி இருந்தது.

பூபதி கல்யாணத்தில் ஒரு வீடியோ காட்டினேனே, இரண்டு துளி சேர்ந்ததும் தானாக எகிறிக் குதிக்குமே? பொரேய்கோ, சென் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட சமாச்சாரம். சேரும்போது மிச்சமாகும் பரப்பு ஆற்றலே துளியைத் தூக்கிவிடுகிறது, ஈர்ப்புவிசையே வேண்டாம். நீ சாம்பார் வாளியோடு வந்து அதைக் கெடுத்தாய். இன்றைக்கும் எனக்கு அது அழகுதான். ஆனால் நீராவி வலுத்தால் அதற்காகத் தகட்டில் உண்டாக்கிய நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள்ளேயே துளிகள் பிறந்து எல்லாம் வெள்ளக்காடாகிவிடும். குதிப்பாவது ஒன்றாவது!

இப்போது என்னைக் குடைவது வேறு. "சார், கட்டுரையில் முதல் சில நாள் அளவை மட்டும் போட்டுவிடலாமா?" என்று கவிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. இந்தத் துறையில் பாதிக் கட்டுரைகள் கோட்டிங் பிறந்த கதையைச் சொல்லிவிட்டு, செத்த கதைக்கு முன்னால் முடிந்துவிடுகின்றன. அந்தப் பெண்ணின் பட்டம் இதை நம்பி இருக்கிறது. இருந்தாலும் அது செத்த கதையையே கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டேன். முதல் கொப்புளம் எங்கே, எப்போது, எந்த வெப்பநிலையில், எல்லாமே. எந்த இதழ் எடுத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. பளபளப்பாகத் தேய்த்த தகட்டிலேயே இந்தக் கதி என்றால் நிஜ ட்யூபில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இந்த ஓவர்ஹாலிங்கில் கழற்றிப்போடும் பழைய ட்யூபில் ஒரு முழ நீளம், ஸ்கிராப்புக்குப் போகும் முன் முறைப்படி அனுமதி வாங்கி அனுப்பு. தயவுசெய்து தேய்த்துக் கழுவிவிடாதே, அந்த அழுக்கோடுதான் வேண்டும். பார்சல் செலவு லூர்துவின் கணக்கில்.

உன்
ரவி