பச்சை டேப் சுற்றிய ஊன்றுகோலின் சொந்தக்காரருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன மே மாதம் பக்ஸ்கின் கல்ச்சில் என் மச்சானின் கால் உடைந்தபோது கைகொடுத்தவர்களுக்கு எழுதும் நன்றி மடல் இது. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. முகவரி கிடைத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன், ஆனால் அது நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது. ஃபீனிக்ஸில் தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் "பெரிய சாகசமாமே?" என்று கேட்கிறார்கள். சாகசமெல்லாம் மற்றவர்கள் செய்தது. நாங்கள் செய்தது என்ன என்று கீழே வருகிறது.

இடம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்ஸ்கின் கல்ச், உட்டாவும் அரிசோனாவும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், பேஜ், கனாப் என்ற இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளம் மணற்கல்லை அறுத்து அறுத்து உண்டாக்கிய இடுக்கு. உலகத்தின் மிக நீளமான ஸ்லாட் கேன்யன்களில் ஒன்று. சில இடங்களில் இரண்டு கையையும் விரிக்க முடியாது, மேலே நூறு நூறு அடியாகச் சுவர் ஏறிக்கொண்டே போகும். வயர் பாஸில் நுழைந்து, இடுக்கு பரீயா ஆற்றோடு சேரும் இடத்தில் இரவு தங்கி, மறுநாள் ஆற்றை எதிர்த்து நடந்து ஒயிட் ஹவுஸில் வெளியே வருவது எங்கள் திட்டம். (அதிபர் மாளிகை இல்லை, இது ஒரு கார் நிறுத்துமிடம்.) மொத்தம் 20 மைலுக்குக் கொஞ்சம் கூட. இரவு தங்க ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. அது கிடைத்த சந்தோஷத்தில் மச்சான் முந்தின வாரம்தான் புது பூட்ஸ் வாங்கினார்.

முதல் நன்றி, பரீயா அலுவலகத்தில் இருந்த ரேஞ்சர் அம்மாவுக்கு. நீங்கள் வானிலைத் தாளைக் காட்டி, மேலே நீலமாக இருந்தாலும் பல மைல் தள்ளிப் பெய்த மழை இங்கே சுவராக வந்து நிற்கும் என்றீர்கள். 1997 ஆகஸ்டில் பேஜுக்குப் பக்கத்து ஆன்டலோப் கேன்யனில் அப்படி வந்த வெள்ளத்தில் 11 பேர் போனதையும் சொன்னீர்கள். மறுநாள் உள்ளே நடக்கும்போது, எங்கள் தலைக்கு எவ்வளவோ மேலே இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு முழு மரத்தடி செருகிக் கிடந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்த மரம். அதைப் பார்த்த பிறகு மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மலத்தைச் சுமந்து வெளியே கொண்டுவரும் பைகளைக் கொடுத்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் சிரிக்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னீர்கள்: "சேற்றுக் குட்டைக்குள் காலை வைக்கும் முன் கோலை வையுங்கள்." சரி சரி என்று தலையாட்டினேன். அப்புறம் பையில் எடை குறையட்டும் என்று இரண்டு பேருடைய ஊன்றுகோலையும் காரிலேயே விட்டுவிட்டு வந்தது நான்தான்.

அடுத்து, ஒயிட் ஹவுஸில் எங்களை ஏற்றி வயர் பாஸில் இறக்கிவிட்ட வண்டிக்காரருக்கு. காலை 6 மணி என்று பேசியிருந்தோம். கோடையில் அரிசோனா கடிகாரம் உட்டாவுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கி இருக்கும் என்பது பேஜில் தூங்கி எழுந்த எங்களுக்கு உறைக்கவே இல்லை. நீங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து, "கைபேசியை நம்பாதீர்கள், என்னிடம் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னீர்கள். கூடுதல் காசு வாங்கவில்லை.

சரி, குட்டைக்கு வருகிறேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெயிலே படாத இடம் என்பதால் மே மாதத்திலும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, முழங்காலுக்கு மேல். காப்பி டிகாக்‌ஷன் நிறம், அழுகிய இலை வாடை. அடி தெரியாது. மச்சான் முன்னால் போனார். ஒரு காலை வைத்தார், அது இரண்டு கல்லுக்கு நடுவில் செருகிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. "டொக்" என்று ஒரு சத்தம். சின்ன சத்தம்தான், ஆனால் அந்த இடுக்கில் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கைபேசியில் சிக்னல் கிடையாது. எங்களிடம் இருந்த முதலுதவி என்பது தைலமும் பேண்ட்எய்டும்.

பின்னால் வந்த இரண்டு பெண்மணிகளே, உங்களுக்கு எப்படிச் சொல்வது. டாக்டரா என்று கேட்டதற்கு உங்களில் ஒருவர், "ஆமாம், குதிரைக்கும் மாட்டுக்கும்" என்றீர்கள். அந்த வலியிலும் மச்சான் சிரித்தார். கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்தினீர்கள், கத்தினார். நாலு அடி நடக்கச் சொன்னீர்கள், இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். "எக்ஸ்ரே எடுக்கும் வரை இது உடைந்த கால்" என்று சொல்லி, உங்கள் படுக்கை மெத்தையைக் கத்தியால் அறுத்து, காலைச் சுற்றி வைத்து டேப் ஒட்டினீர்கள். அன்று இரவு பாதி மெத்தையில் தூங்கியிருக்கிறீர்கள். இது எனக்கு மறுநாள் காலையில்தான் புரிந்தது.

உங்கள் சேட்டிலைட் கருவியிலிருந்து செய்தி உடனே போகவில்லை. வானம் அங்கே ஒரு ரிப்பன் அளவுதான், கருவிக்குத் திறந்த வானம் வேண்டும். கொஞ்சம் அகலமான ஒரு திருப்பத்தில் அதைப் பாறை மேல் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பதில் வந்தது: மீட்பு ஆட்கள் வருகிறார்கள், காலையில், இடுக்கு ஆற்றோடு சேரும் இடத்துக்கு. அதாவது ராத்திரிக்குள் நாங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஈரத் துணியோடு இடுக்கில் படுக்க முடியாது. இரண்டு மைல்தான் பாக்கி. ஆனால் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நடத்திப்போக அங்கே அகலம் இல்லை.

உங்கள் தோழி ஓடிப்போய் முன்னால் போயிருந்த மூன்று பையன்களைக் கூட்டிவந்தார். அந்த மூன்று பேருக்குத்தான் இந்த மடலில் பாதி. ஒருவர் மச்சானின் பையை வாங்கித் தன் பைக்கு மேல் கட்டிக்கொண்டார். ஒருவர் முன்னால் நடந்தார், மச்சான் அவருடைய பை வாரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தி வந்தார். மூன்றாமவர் தன் ஊன்றுகோலைக் கையில் திணித்தார். கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது. ஒவ்வொரு குட்டையிலும் முதலில் கோல், அப்புறம் கால். ரேஞ்சர் அம்மாவின் பாடத்தை ஒரு கால் போன பிறகு படித்தோம்.

வழியில் பெரிய பாறைகள் விழுந்து இடுக்கை அடைத்துக்கொண்டிருக்கும் ஓர் இடம் உண்டு. நல்ல காலோடு இறங்கவே பயமான இடம். யாரோ விட்டுப்போன கயிறு ஒன்று தொங்கியது. கோல் கொடுத்த தம்பி, நீங்கள் அதை இழுத்து, உரசி நைந்த இடத்தை எனக்குக் காட்டிவிட்டு உங்கள் கயிற்றை எடுத்தீர்கள். நாடாவை இடுப்பிலும் தொடையிலும் சுற்றி இருக்கை மாதிரி முடிந்தீர்கள். முடிச்சை நீங்கள் ஒருமுறை பார்த்து, நண்பரை ஒருமுறை பார்க்கச் சொல்லி, அப்புறம் மெதுவாக இறக்கினீர்கள். பாதி வழியில் மச்சான் மேலே பார்த்து என்னிடம் தமிழில் சொன்னது: "மாப்ள, எங்க ஊர்ல தூர் வார கிணத்துக்குள்ள இப்படித்தான் இறக்குவாங்க." என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை. இதுதான் சொன்னார்.

ஒன்பது மணிக்கு ஆற்றங்கரை மேட்டில் கூடாரம் போட்டோம். அங்கே தீ மூட்டக் கூடாது. உங்கள் சின்ன அடுப்பில் சூப் வைத்துக் கொடுத்தீர்கள். எங்களிடம் என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை இருந்தது. அதை நீங்கள் மூன்று பேரும் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டதை அவளிடம் சொன்னேன், கால் உடைந்த கதையைவிட அதைத்தான் இரண்டு தடவை கேட்டாள்.

விடியும் முன்பே நீங்கள் லீஸ் ஃபெர்ரி பக்கமாகக் கிளம்பிவிட்டீர்கள். இன்னும் மூன்று நாள் ஆற்றுக்குள்ளேயே நடை. நாங்கள் எழுந்தபோது மச்சானின் கூடார வாசலில் மணலில் குத்தி நின்றது அந்தக் கோல். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

காலை ஒன்பதரைக்கு, ஒற்றைச் சக்கரம் பூட்டிய ஸ்ட்ரெச்சரோடு ஆறு பேர் ஆற்றில் நடந்து வந்தார்கள். எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒருவர் டயர் கடை வைத்திருக்கிறார், ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இருட்டிலேயே கிளம்பி வந்திருக்கிறார்கள். 7 மைல், ஆற்றை இப்படியும் அப்படியும் எத்தனை முறை கடந்தோம் என்று முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. புதைமணலில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஒயிட் ஹவுஸில் நான் பர்ஸை எடுத்தபோது பஸ் ஓட்டுபவர் என் கையைப் பர்ஸோடு சேர்த்துக் கீழே இறக்கிவிட்டார். அங்கே எங்கள் காரின் பின்சீட்டில் இரண்டு ஊன்றுகோலும் பளபளவென்று கிடந்தன. அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் நன்றி.

நம் ஆட்களையும் விடக்கூடாது. செய்தி வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக நாலரை மணி நேரம் வண்டி ஓட்டி பேஜுக்கு வந்த நண்பருக்கு, பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, ஒரு வாரம் ரசமும் சோறும் அனுப்பிய நாலு வீட்டுக்காரர்களுக்கு.

எக்ஸ்ரேயில் வெளிப்பக்க எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. இப்போது நடக்கிறார், மாடிப்படியில் மட்டும் முனகுகிறார்.

பச்சை டேப் தம்பி, அக்டோபரில் மழைக்காலம் முடிந்த பிறகு பரீயா அலுவலகத்துக்கு வருகிறோம். கோலை அங்கே ஒப்படைத்து வைக்கலாமா என்று கேட்டுப் பார்ப்போம். தானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்கிறார் மச்சான். கூடவே புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருக்கும். சூடான சோற்றில் இரண்டு ஸ்பூன் போட்டுப் பிசையுங்கள், நிறைய போட்டுவிடாதீர்கள், காரம்.