ரிஜிஸ்டர்ல எங்க பேரே இல்ல: அக்டோபர் 4, 5 தென்னாப்பிரிக்கா டிராக்கன்ஸ்பர்க் மலை ஃபேமிலி டூர் பத்தி ஒரு புகார்

வணக்கம் சார்,

ரெண்டு வாரமா உங்க டூர் கம்பெனிக்கு வாட்ஸ்அப்ல மூணு தடவ எழுதிட்டேன். முதல் ரெண்டுக்கும் ப்ளூ டிக் மட்டும் விழுந்துச்சு, மூணாவதுக்கு "மலைன்னா மழை பெய்யத்தான் செய்யும் சிஸ்டர்"னு ஒரு வரி, கூட கை கூப்புற ஸ்டிக்கர் வேற. அதனாலதான் இப்ப கடிதமாவே எழுதி ஈமெயில்ல அனுப்புறேன். உங்க விளம்பரம் தமிழ்லதான் வந்துச்சு, "குழந்தை முதல் பாட்டி வரை, நம்ம தமிழ்க் குடும்பங்களுக்குன்னே"ன்னு போட்டிருந்தீங்க, அதப் பாத்துதான் பணத்தக் கட்டுனோம், அதனால நானும் தமிழ்லயே எழுதுறேன்.

மழை பெஞ்சதுக்கு உங்க மேல கோவிச்சுக்க எனக்கென்ன பைத்தியமா? நான் போடியில பொறந்தவ, மேற்குத் தொடர்ச்சி மலையப் பாத்துக்கிட்டே பல் வெளக்கி வளந்தவ, மலையில மழை எப்படி இறங்கும்னு நீங்க எனக்கு சொல்லித்தர வேணாம். காலையில எட்டு மணிக்கு ஏறுவோம்னு எழுதிட்டு பதினொன்னே முக்காலுக்கு ஏத்துனீங்க, ஏத்தும்போது மலை ஏறுறவங்க ரிஜிஸ்டர் நோட்டுல எங்க பேர எழுதக்கூட இல்ல. என் புகார் அதுதான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல இருந்தே சொல்றேன், ஏன்னா உங்க ஆபீஸ்ல இதப் படிக்கிறவங்களுக்கு அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாம இருக்கலாம். சனிக்கிழமை விடியக்காலம் நாலரைக்கு டர்பன் சாட்ஸ்வொர்த்ல எங்கள ஏத்துனாங்க. நான், வீட்டுக்காரர், பன்னெண்டு வயசு பொண்ணு, ஏழு வயசு பையன், எங்க அத்தை, ஆக அஞ்சு பேரு, கூட இன்னும் ரெண்டு குடும்பம், குவாண்டம் வேன் முழுக்க ஆளு. டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷன், அவர குறை சொல்ல ஒன்னும் இல்ல, N3 ஹைவேல மூயி ரிவர் டோல் தாண்டினதும் பிள்ளைங்க தூங்கிட்டாங்கன்னு பாட்டக்கூட கொறச்சு வச்சாரு. விண்டர்ட்டன் வழியா R600 ரோட்டுல திரும்பி ஷாம்பெயின் பள்ளத்தாக்குக்குள்ள போனப்ப எட்டு மணிகூட ஆகல. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, கேத்கின் சிகரம் கைய நீட்டுனா தொட்டுடலாம் போல நிக்குது. அந்த நேரத்துல ஏறியிருந்தா நான் இன்னிக்கு உங்களுக்கு ஃபைவ் ஸ்டார்தான் போட்டிருப்பேன்.

அத்தையப் பத்தி இங்க சொல்லியே ஆகணும். அவங்களுக்கு 71 வயசு, கரும்புத் தோட்டத்துக்கு கூலியா வந்த குடும்பம், டர்பன்ல அஞ்சாவது தலைமுறை. சின்ன வயசுல அவங்க அப்பா லாரி ஓட்டுவாராம், எஸ்ட்கோர்ட் பக்கம் லோடு போறப்ப மகளையும் கூட்டிட்டுப் போயி தூரத்துல நீலமா தெரியுற மலைய "அதாம்மா பெர்க்"னு (டிராக்கன்ஸ்பர்க்க இங்க அப்படித்தான் சொல்வாங்க) காட்டிட்டு வண்டியத் திருப்பிருவாராம். அங்க இருந்த ஹோட்டல்ல எல்லாம் நம்ம ஆளுங்க தங்க முடியாதுல்ல அப்ப. வெள்ளைக்காரங்களுக்கு தனி, மத்தவங்களுக்கு தனின்னு 1953-ல போட்ட அந்த தனித்தனி வசதிச் சட்டம் 1990-லதான் போச்சு, அதுக்குள்ள அத்தைக்கு 36 வயசு ஆயிருச்சு, அப்புறம் பிள்ளைங்க, வேலை, மாமாவோட டயாலிசிஸ்னு காலம் ஓடிருச்சு. இந்த டூர்தான் அவங்களுக்கு முதல் தடவ. புது ஷூ வாங்கிக் குடுத்தோம், வாங்குன நாள்ல இருந்து ஹால்ல போட்டுக்கிட்டு நடந்து பழகுனாங்க. சாஞ்ச மேட்டுல ஏற முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும், கீழ உக்காந்து மலையப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்னுதான் வந்தாங்க.

எட்டு மணிக்கு வர வேண்டிய கைடு வரல. ஒம்போது ஆச்சு, பத்து ஆச்சு, உங்க ஆபீஸுக்கு என் வீட்டுக்காரர் நாலு தடவ போன் பண்ணாரு, "ஆன் த வே, ஆன் த வே"ன்னே சொன்னீங்க. பதினொன்றரைக்கு அந்த கைடு பையன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். ஏன்ப்பா லேட்டுன்னு கேட்டா மறைக்காம சொல்லிட்டான், காலைல இன்னொரு குரூப்ப ஏத்தி இறக்கிட்டு வர்றேன், ஆபீஸ்லதான் ரெண்டையும் ஒரே நாள்ல போட்டாங்கன்னு. அந்தப் பையன் மேல எனக்கு கோவம் இல்ல, இருபது இருபத்திரெண்டு வயசுதான் இருக்கும், காலைலருந்து ஒன்னும் சாப்பிடல போல, என் பையனோட பிஸ்கட்ட குடுத்ததும் அப்படியே வாங்கிக்கிட்டான். ஒரே ஆள ரெண்டு குரூப்புக்கு வித்தது நீங்கதான்.

பெர்க் பக்கம் போற யார வேணா கேட்டுப் பாருங்க, வெயில் மாசம் ஆரம்பிச்சா அங்க கணக்கு ஒன்னுதான், விடிஞ்சதும் ஏறு, மத்தியானத்துக்குள்ள இறங்கு. காலைல பளிச்சுன்னு இருக்கும், உச்சிப்பொழுதுக்கு மேல மேகம் குமிய ஆரம்பிக்கும், ரெண்டு மூணு மணிக்கு இடி. அந்த சரிவுல மரமும் கிடையாது, முழுக்க புல்லு, நிக்கிறதுல நம்ம தலைதான் உசரம். இது தெரியாம நீங்க டூர் கம்பெனி நடத்துறீங்கன்னு நான் நம்பல. மணி ஆயிருச்சு, நாளைக்கு காலைல போலாம், இன்னிக்கு கீழ அருவிப் பக்கம் மட்டும் சுத்திட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. ஆனா போன்ல நீங்க அந்தப் பையன்கிட்ட சொன்னது "சீக்கிரம் ஏத்து". ஸ்பீக்கர்ல இருந்துச்சு, நாங்க எல்லாரும் கேட்டோம்.

மலை ஏறுற இடத்துல இருக்குற மங்க்ஸ் கவுல் பார்க் ஆபீஸ்ல மலை ஏறுறவங்களுக்குன்னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. யாரு போறா, எத்தன பேரு, எந்த வழி, எத்தன மணிக்குத் திரும்புவாங்கன்னு எழுதிட்டுத்தான் ஏறணும், திரும்பி வரலன்னா அத வச்சுத்தான் தேடுவாங்க. நாங்க கேட்டோம், கைடு பையன் "ஆபீஸ்ல எல்லாம் பாத்துக்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டான். நாங்களும் நம்பிட்டோம், அது எங்க புத்திகெட்டத்தனம்.

விளம்பரத்துல "ஈஸி வாக், சமமான பாதை"ன்னு போட்டிருந்தீங்க. ஸ்ஃபிங்ஸ் பாறைக்குப் போற பாதை சமமா? படி படியா செங்குத்தா போகுது, என் பையன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ "இன்னும் எவ்வளவு தூரம்மா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். ரெண்டு மணிக்கு முதல் இடி. ரெண்டரைக்கு ஆலங்கட்டி, சும்மா சுண்டைக்காய் அளவு இல்ல, நெல்லிக்காய் அளவு. கைடுகிட்ட இருந்தது ஒரே ஒரு மழைக்கோட்டு, அது அவன் போட்டிருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து வந்த இன்னொரு குடும்பத்து பெரியவர்தான் மேட்டு விளிம்புல நிக்காதீங்க, தள்ளித்தள்ளி குத்த வச்சு உக்காருங்க, கம்பு குடை எல்லாத்தையும் தூரப் போடுங்கன்னு சத்தம் போட்டாரு, அவரு இல்லன்னா என்ன ஆயிருக்குமோ. நான் பையன கவுத்துப் போட்டு மேல கவுந்துக்கிட்டேன், முதுகுல கல்லெறி மாதிரி விழுது, என் பொண்ணு பத்தடி தள்ளி உக்காந்து அம்மா அம்மான்னு கூப்பிடுறா, என்னால போக முடியல. அவ்வளவுலயும் என் பையன் ரெண்டு ஆலங்கட்டிய எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டான், ஆயாவுக்கு, அதான் எங்க அத்தைக்கு, காட்டணுமாம். கீழ வந்து பாக்கெட்ட திறந்து பாத்தா ஈரம் மட்டும்தான் இருந்துச்சு, அதுக்கு ஒரு அழுகை.

இந்த நேரத்துல கீழ என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. இன்னொரு குரூப்புக்கு சாப்பாடு எடுக்கணும்னு குவாண்டத்த நீங்க விண்டர்ட்டனுக்கு அனுப்பிட்டீங்க, அதுக்குள்ளதான் அத்தையோட சால்வை, பிரஷர் மாத்திரை எல்லாம் இருக்கு. மழை அடிச்சதும் அவங்க பார்க் ஆபீஸ் தாழ்வாரத்துல போயி ஒதுங்கி, மூணு மணிக்கு உள்ள போயி, என் பிள்ளைங்க மேல போயிருக்காங்கன்னு சொல்லியிருக்காங்க. அங்க இருந்த அம்மா ரிஜிஸ்டர எடுத்து அன்னிக்குப் பக்கத்த திறந்து, ஒவ்வொரு வரியா விரல வச்சு கீழ வரைக்கும் பாத்துட்டு, அப்படிப்பட்ட பேரு இதுல இல்லயேம்மான்னு சொல்லிருக்காங்க. அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு அவங்களே ஒரு தடவ பாத்தாங்களாம், அப்புறம் முந்தின நாள் பக்கத்தக்கூட திருப்பிப் பாத்தாங்களாம். எந்தப் பாதையில போனாங்கன்னு கேட்டா அத்தைக்கு தெரியல. எத்தன பேருன்னு கேட்டா அதுவும் சரியா தெரியல. நாலு இருபதுக்கு நாங்க சொட்டச் சொட்ட வந்து நிக்கிற வரைக்கும், ஒரு மணி இருபது நிமிஷம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. பார்க் அம்மா டீ போட்டுக் குடுத்து தன் ஸ்வெட்டரக் கழட்டி போத்தி விட்டிருந்தாங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம்.

எங்க ஊர்ப் பக்கம் குரங்கணியில 2018 மார்ச் 11-ல மலை ஏறப் போனவங்க காட்டுத் தீயில மாட்டி இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி மேல எத்தன பேரு இருக்காங்கன்னு ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க, எங்க சித்தப்பா வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் போயிக்கிட்டே இருந்துச்சு. அந்த நோட்டுல பேரு எழுதுறத நான் ஃபார்மாலிட்டியா பாக்காததுக்கு காரணம் அதுதான் சார். எழுத ரெண்டு நிமிஷம் ஆகும்.

அடுத்து சாப்பாடு. அன்னிக்கு புரட்டாசி மூணாம் சனி. டர்பன்ல தமிழ்க் குடும்பத்துக்கு டூர் போடுறவருக்கு இத நான் விளக்கணுமா? இங்க இந்த மாசம் வந்துட்டா முட்டை போட்ட கேக்கக்கூட தொட மாட்டாங்க, தனிப் பாத்திரம்கூட எடுத்து வச்சுருவாங்க, ஊர விட இங்க அதிகம்னே சொல்வேன். புக்கிங் ஃபார்ம்ல "அஞ்சு பேரும் வெஜ், புரட்டாசி"ன்னு எழுதி உங்ககிட்ட ஓகேவும் வாங்கியிருந்தோம். ராத்திரி பாத்தா போர்வோர்ஸ்னு சொல்ற கறி சாசேஜ் சுட்ட அதே கம்பி வலையில, கொழுப்பு சொட்டிக்கிட்டு இருக்கும்போதே, எங்க சோளத்தையும் போடுறாங்க. கேட்டா பிரியாணி இருக்குன்னு கொண்டு வந்தாங்க, அதுல சிக்கனப் பொறுக்கி எடுத்துட்டு குடுத்திருக்காங்க, பொண்ணு தட்டுல எலும்பு ஒன்னு வந்துச்சு. அத்தை அன்னிக்கு முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும் நாங்க கொண்டு போன மாங்கா ஊறுகாயும்தான் சாப்பிட்டாங்க.

டிராக்கன்ஸ்பர்க் ஸ்கூல் பசங்க பாடுற பாய்ஸ் கொயர் கச்சேரியும் உங்க லிஸ்ட்ல இருந்துச்சு, சனிக்கிழமை சாயங்காலம்னு. அவங்க கச்சேரி ஸ்கூல் நடக்குற நாள்ல புதன்கிழமைதான். ஸ்கூல் லீவுல சனிக்கிழமை எப்படி பாடுவாங்க? அதுக்கும் டிக்கெட் காசு வாங்கியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை கழுகு, ராஜாளி பறக்க விடுற ஷோ மட்டும் நல்லா இருந்துச்சு, அதுக்கு நன்றி.

மொத்தம் 9,600 ரேண்ட் கட்டுனோம். அதுல மலை நடைக்கு தலைக்கு 450, நாலு பேருக்கு 1,800. சாப்பாடு தலைக்கு 260, அஞ்சு பேருக்கு 1,300. கச்சேரி தலைக்கு 200, அஞ்சு பேருக்கு 1,000. இந்த 4,100 ரேண்ட் எனக்குத் திரும்ப வேணும், தங்குன காசையோ வண்டிக் காசையோ நான் கேக்கல. 2008-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 54-ம் பிரிவுல, சொன்ன நேரத்துல சொன்ன தரத்துல சேவை தரலன்னா அதுக்கு ஏத்த அளவு பணத்த திருப்பிக் கேக்கலாம்னு இருக்கு, என் வீட்டுக்காரர்தான் தேடி எடுத்தாரு. பதினஞ்சு நாள்ல வரலன்னா தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு இதே கடிதத்த இங்கிலீஷ்ல எழுதி அனுப்புவோம்.

அந்தப் பையனுக்கு அன்னிக்கு ஏன் ரெண்டு குரூப் போட்டீங்க, ரிஜிஸ்டர்ல பேரு எழுத வேண்டியது யாரு பொறுப்புன்னும் எழுத்துல பதில் வேணும். பழிய அவன் தலையில கட்டி வேலைய விட்டு எடுத்துட்டோம்னு மட்டும் பதில் போடாதீங்க.

அப்புறம் அத்தையோட பச்சை சால்வை உங்க குவாண்டம்ல கடைசி சீட்டுக்கு அடியில கிடக்கு, டிரைவர் அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன், இருக்குன்னு சொன்னாரு. மாமா வாங்கிக் குடுத்தது. பணம் வர்றப்ப வரட்டும், அத இந்த வாரமே குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்ல ஏறுன அஞ்சு பேர் குடும்பம்