கோத்தகிரியிலிருந்து ஒரு டிஸ்க் வருகிறது

அன்புள்ள மல்லி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, இந்தக் குளிருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உன் மகனுக்கு வேலை மாற்றல் கிடைத்ததைப் பெரியக்கா சொன்னாள், சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய மெயில் திரும்பி வந்ததும், "கடையை மூடிட்டுக் காசிக்குப் போயிட்டியா?" என்று போனில் கேட்டாயே, அது உனக்கு மட்டும் நடக்கவில்லை. ஈரோட்டில் வருஷக்கணக்காக நம்மிடம் தேயிலை வாங்கும் கடைக்காரர் ஆர்டர் அனுப்பி, அது திரும்பி வந்து, நாம் வியாபாரத்தை நிறுத்திவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால், பெட்டி நிறைந்துவிட்டது என்ற தகவல் அனுப்பியவருக்குத்தான் போகிறது. நமக்கு எந்த மெயில் வராமல் போனது என்று தெரியவே தெரியாது. கணக்கைத் திறந்தால் மேலே ஒரு சிவப்புப் பட்டை. அதைக் கடையில் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு!

ஜிமெயில் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் இல்லை. டிரைவ், போட்டோ எல்லாம் அதற்குள்தான். 2021 ஜூனிலிருந்து போட்டோவும் கணக்கில் சேர்கிறது. அப்புறம் வாட்ஸ்அப் பேக்கப்பையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கடை போன் எந்தக் கணக்கில் இருக்கிறது? கடை மெயிலில்தான். ஆக, குன்னூர் மாமா தினமும் விடியற்காலையில் அனுப்பும் ரோஜாப்பூ, விளக்கு, "இனிய காலை வணக்கம்", அவர் பேரன் காது குத்திய வீடியோ எல்லாமும் நம் ஆர்டர்கள் வந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தன. மாமாவிடம் சொன்னேன். மறுநாள் "இடத்தைச் சேமிப்போம்" என்று எழுதிய ஒரு ரோஜாப்பூ வந்தது.

தினேஷை உனக்குத் தெரியுமே, எதற்கும் ஒரு நிமிஷத்தில் தீர்வு வைத்திருப்பான். "அத்தை, மூணு வருஷத்துக்கு முந்தினது எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலிட் பண்ணிடலாம்" என்று மவுஸில் கை வைத்துவிட்டான். அவன் கையைத் தட்டிவிட்டேன். பேக்கப் எடுத்தாயா என்றால், "போன்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கு, டேப்லெட்ல இருக்கு, மூணு இடத்துல இருக்கே" என்கிறான். ஒரே அறைக்கு மூன்று ஜன்னல் வைத்துவிட்டு மூன்று அறை என்று சொல்கிற மாதிரி. போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் போய்விடும். இதைச் செய்து காட்டுவதற்காகவே மாமாவின் ரோஜா ஒன்றை மெயிலில் எனக்கே அனுப்பி, போனில் அழித்தேன். கம்ப்யூட்டரில் அது காணாமல் போனதைப் பார்த்த பிறகுதான் பையன் வாயை மூடினான்.

"கூகுள்ல இருக்குறதுக்கு என்ன ஆகும்?" என்று நீயும் கேட்பாய். 2011 பிப்ரவரியில் அவர்கள் போட்ட ஒரு சாப்ட்வேர் மாற்றத்தில் கோளாறாகி, சிலருடைய மெயில் பெட்டி காலியாகிவிட்டது. நூற்றுக்கு 0.02 பேர்தான். ஆனால் ஜிமெயில் வைத்திருக்கும் கூட்டத்துக்கு அந்தப் புள்ளி பூஜ்யமே ஆயிரக்கணக்கில் வரும். வேறு கணினிகளில் இருந்த பிரதிகளும் அந்தக் கோளாறில் போயின. கடைசியில் தனியாகக் கழற்றி வைத்திருந்த காந்த நாடா டேப்பிலிருந்துதான் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களே அப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம்.

அதனால் முதலில் நகல், அப்புறம்தான் குப்பை கூட்டுவது என்று உத்தரவு போட்டேன். கூகுளிலேயே டேக்அவுட் என்று ஒன்று இருக்கிறது. கேட்டால் மொத்த மெயிலையும் எம்பாக்ஸ் என்ற கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். கட்டி முடிக்கவே நேரம் பிடிக்கும். முடிந்ததும் ஒரு லிங்க் வரும், ஒரு வாரம்தான் அதற்கு உயிர். அந்த வாரம் பார்த்து இங்கே மழை, சாலையோரம் மரம் விழுந்து கேபிள் போய்விட்டது. லிங்க் செத்து, மறுபடி கேட்டு வாங்கினோம். இறக்கிய கோப்பை தண்டர்பேர்ட் என்ற மெயில் படிக்கும் சாப்ட்வேரில் திறந்து, நடுவிலிருந்து நாலைந்து மெயில்களையும் இணைப்புகளையும் படித்துப் பார்த்தேன். எல்லோரும் விட்டுவிடுகிற வேலை இது. இறக்கியதோடு சரி, திறப்பதே இல்லை. திறந்ததால்தான் பழைய தமிழ் விலைப்பட்டியல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருப்பது தெரிந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. எழுத்துருவையும் தேடிப் பிடித்துக் கூடவே போட்டு வைத்திருக்கிறேன்.

எதை எறிவது என்பதில்தான் வீட்டில் பெரிய ரகளை. ஆடிட்டர் சொன்னது: ஜிஎஸ்டி கணக்குச் சம்பந்தப்பட்டதை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2021-22க்குக் கடைசித் தேதி 2022 டிசம்பர் 31. ஆக, 2028 முடியும்வரை அதன் மேல் கை வைக்கக் கூடாது. தினேஷின் மூணு வருஷக் கணக்கு அங்கேயே அடிபட்டது. பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டால் போதாதா என்றார் மாமா. நம் வக்கீல் சுமதி சிரித்தாள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டுமாம், அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் எண்ணைக்கூட (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கேட்கிறார்களாம். அசல் மெயில், அது வந்த வழியைச் சொல்லும் தலைப்பு வரிகளோடு அப்படியே இருக்கட்டும் என்றாள்.

மற்றபடி தூக்கிப் போட வேண்டியது ஏராளம். பத்து எம்.பி.க்கு மேல் உள்ளவற்றை மட்டும் தேடச் சொன்னேன். வரிசையாக வந்ததெல்லாம் சிவகாசி அச்சகம். பாக்கெட் லேபிளில் ஒரு யானையின் தும்பிக்கையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி நாம் நடத்திய போராட்டம் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு தும்பிக்கைக்கும் ஒரு கனமான பிடிஎஃப். மெயிலில் போகும்போது எந்தக் கோப்பும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பது வேறு. கடைசி யானையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அனுப்பிவிட்டேன். ஜிமெயிலில் இணைப்பை மட்டும் கழற்ற முடியாது, மெயிலோடு சேர்த்துத்தான் அழிக்க வேண்டும். அதனால்தான் நகல் முதலில் என்கிறேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்யாவிட்டால் முப்பது நாளைக்கு அதுவும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். குன்னூர் ஏல வார அறிக்கைகளில் வருஷக் கடைசியில் வந்ததை மட்டும் வைத்தேன். விளம்பர மெயில்களை அழிப்பதோடு விடாமல், அனுப்புவதையே நிறுத்தச் சொல்லியாயிற்று.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதிவிட்டேன். எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல.

வெளிமாநில ஆர்டர்களை வசந்தா தனி ஜிமெயில் கணக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை. இரண்டு வருஷம் யாரும் நுழையாத கணக்கை, அதில் உள்ள எல்லாவற்றோடும் சேர்த்து, கூகுள் நீக்கிவிடலாம் என்று விதி. 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தினேஷ்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னான் (அவனைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்). கணக்குப் பார்த்தால், இந்தத் தை வந்தால் இரண்டு வருஷம்.

பாஸ்வேர்டு அவள் டைரியில் இருந்தது. ஆனால் நுழையும்போது அவள் போனுக்கு ஒரு எண் வரும், அதையும் கேட்கிறது. அந்த நம்பர் எப்போதோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உள்ளே போய் அவள் போனை எடுத்துவந்தார். சார்ஜ் இருந்தது. சிம்முக்கு விடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறார், மல்லி. ஏன் என்று நான் கேட்கவில்லை. எண் வந்தது, வாசித்துச் சொன்னார், போனைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

உள்ளே அவள் அப்படியே இருக்கிறாள். "உங்கள் தேயிலை தூள் தூளாக இருக்கிறது" என்று புகார் எழுதிய ஆளுக்கு, "ஐயா, நீங்கள் கேட்டு வாங்கியது டஸ்ட். அது இலையாக வந்திருந்தால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்" என்று பதில். கடன் சொன்னவர்களை அவள் விரட்டிய விதம் இருக்கிறதே, அப்பா! மருத்துவமனையிலிருந்தும் பதில் போட்டிருக்கிறாள். சரக்கு ஒரு வாரம் தாமதமாகும், சொந்த வேலை என்று மட்டும் எழுதியிருக்கிறாள். எதிரே இருந்தவர் கோபமாக எழுதியதற்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதைப் படித்த அன்று நான் வேறு எதையும் அழிக்கவில்லை.

அந்தக் கணக்கில் ஒன்றையும் கழிக்கப் போவதில்லை. ஜிஎஸ்டி முடிந்தாலும், எது முடிந்தாலும். தினேஷிடமும் சொல்லியாயிற்று.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். கம்ப்யூட்டர்காரர்கள் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இணையத்தில் ஒன்று, இங்கே பீரோவில் ஒரு டிஸ்க். மூன்றாவதையும் இந்த மலையிலேயே வைத்தால் அர்த்தமில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவில் பாதை அடைபட்டு நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். போதாக்குறைக்கு இங்கே மழைக்காலத்தில் தோல்பையே பூசணம் பிடிக்கிறது. உன் கோயமுத்தூர் வெயிலுக்கு இப்போதாவது ஒரு உபயோகம் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெரியக்கா வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். டிஸ்க்கைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர் விலாசமெல்லாம் இருக்கிறது. பாஸ்வேர்டை இங்கே எழுத மாட்டேன். ஹாஸ்டலில் வார்டனுக்கு நாம் வைத்த பெயர், அதோடு அவர் நம்மைப் பிடித்த அறையின் எண். சித்திரையில் நான் வரும்போது புது டிஸ்க் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்கிறேன், அப்படியே மாற்றி மாற்றி வைப்போம். பட்டுப்புடவை பில்களை எல்லாம் கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்திருக்கும் உன் வீட்டில் ஒரு சின்ன டிஸ்க்குக்கு இடம் இல்லாமல் போகாது.

எந்த அலமாரியில் வைத்தாய் என்று பதில் எழுது. உன் வீட்டுக்காரரிடமும் காட்டி வை.

அன்புடன்,
ராதா